கேரன் ஹார்னை: ஃப்ராய்டை எதிர்த்த மருத்துவர் கடைசிக் காலத்தில் ஜென் மடங்களுக்குப் போனது ஏன்?

ஆபீஸில் எல்லாரையும்விட நல்லா வேலை செய்யணும். வீட்டில் யார் மனசும் கோணாம நடந்துக்கணும். கோபம் வரவே கூடாது. சோர்வா இருக்கிறது வெளியே தெரியக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையைக்கூட வீணாக்காம உருப்படியா எதையாவது கத்துக்கணும்.

யாரும் எதிரில் நின்று இந்தக் கட்டளைகளைப் போடுவதில்லை. ஆனாலும் மண்டைக்குள் ஒரு குரல் இந்த 'ணும்' பட்டியலை வாசித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றை முடித்தால் அடுத்தது வந்து நிற்கும். முடிக்கவில்லை என்றால் கேட்கவே வேண்டாம், ராத்திரி தூக்கம் போச்சு.

இந்தக் குரலைத் தனியாகப் பிரித்து எடுத்து, அது எங்கிருந்து வருகிறது, ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறது என்று விளக்கியவர் கேரன் ஹார்னை. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த உளப்பகுப்பாய்வு மருத்துவர். கட்டாயங்களின் கொடுங்கோன்மை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். உளவியல் படித்தவர்களுக்கு அவர் ஃப்ராய்டை எதிர்த்து நின்ற பெண்ணாகத்தான் அறிமுகம். அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் உண்டு. 1952-ல், 66 வயதில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் ஜப்பானுக்குப் போய் ஜென் மடங்களின் கதவைத் தட்டினார். மேற்கத்திய உளவியலும் பௌத்த தியானமும் கைகோத்த கதையில் அந்தப் பயணம் ஒரு முக்கியமான ஆரம்பப் பக்கம்.

கேப்டன் வீட்டுப் பெண்

1885 செப்டம்பர் 16. ஹாம்பர்க் பக்கத்தில் எல்பே நதிக்கரையில் இருக்கும் பிளாங்கனீஸ் என்ற ஊர். அப்பா நார்வேயைப் பூர்வீகமாகக் கொண்ட கப்பல் கேப்டன். கடலில் இருக்கும்வரை வீடு நிம்மதியாக இருக்கும். கரைக்கு வந்துவிட்டால் கட்டுப்பாடு, மத போதனை, அதட்டல். அம்மா அவரைவிட ரொம்பவே இளையவர். கணவரோடு ஒத்துப்போகாத அவர், கடைசியில் பிள்ளைகளோடு தனியே போய்விட்டார். வீட்டில் செல்லம் எல்லாம் அண்ணனுக்குத்தான்.

தான் அழகில்லை என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்ட அந்தச் சிறுமி, சரி, அப்படியானால் அறிவாளி ஆகிவிடுவோம் என்று தீர்மானித்ததாக அவரைப் பற்றி எழுதுபவர்கள் சொல்வார்கள். பின்னாளில் அவர் எழுதிய கோட்பாட்டை வைத்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையின் முதல் பெரிய 'ணும்' இதுதான். 13 வயதில் டைரி எழுத ஆரம்பித்தார். பக்கம் பக்கமாகத் தன்னையே கேள்வி கேட்கும் டைரி. அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1980-ல் அது புத்தகமாகவே வெளியானது.

டாக்டர் ஆக வேண்டும் என்பது சின்ன வயசு ஆசை. அன்றைய ஜெர்மனியில் அது லேசுப்பட்ட ஆசை இல்லை. பெண்களைப் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர்த்துக்கொண்ட முதல் ஜெர்மன் மாநிலம் பாடன், அதுவே 1900-ல்தான். அந்த மாநிலத்தின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 1906-ல் கேரன் மருத்துவம் சேர்ந்தார். 1909-ல் ஆஸ்கர் ஹார்னையுடன் கல்யாணம். பிறகு மூன்று பெண் குழந்தைகள்: பிரிகிட்டே, மரியானே, ரெனாட்டே. நடுவில் படிப்பு, மருத்துவப் பயிற்சி, அம்மாவின் மரணம். 1915-ல் டாக்டர் பட்டம்.

வெளியிலிருந்து பார்த்தால் அசத்தலான முன்னேற்றம். உள்ளே கதை வேறு. காரணம் தெரியாத களைப்பு, மனச்சோர்வு, எதிலும் ஒட்டாத மனசு. 1910-லேயே அவர் பெர்லினில் கார்ல் ஆப்ரகாமிடம் சிகிச்சைக்குப் போனார். ஆப்ரகாம் ஃப்ராய்டின் நேரடிச் சீடர், பெர்லினில் உளப்பகுப்பாய்வைக் கொண்டுவந்து நிறுத்தியவர். உன் பிரச்சினைக்கு வேர் அப்பாமேல் இருந்த ஈர்ப்பு என்பது போன்ற விளக்கங்கள் கிடைத்தன. களைப்பு போகவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மனசு ஏன் வலிக்கிறது என்று ஒருவர் அழகாக விளக்கிவிட்டால் வலி நின்றுவிடுமா? தன் உடம்பிலேயே இல்லை என்ற பதிலைப் பார்த்தவர் கேரன். சிகிச்சையை விட்டு அவர் ஓடிவிடவில்லை. 1920-ல் பெர்லின் உளப்பகுப்பாய்வு நிறுவனம் தொடங்கியபோது முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் அவர்; அங்கேயே பாடமும் நடத்தினார். ஆனால் அந்தச் சந்தேகம் அவரை விட்டுப் போகவே இல்லை.

1923-ல் அண்ணன் நுரையீரல் தொற்றில் இறந்தார். அதே சமயத்தில் கணவரின் தொழில் சரிந்தது, உடம்பும் படுத்தது. அந்தக் காலத்தில் ஒருநாள் விடுமுறைக்குப் போன இடத்தில் கடலில் நீந்தப் போன கேரன் நெடுநேரம் கரைக்குத் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் பார்த்தபோது, தண்ணீருக்குள் நின்ற ஒரு கட்டையைப் பிடித்தபடி, வாழ்வதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கரைக்கு வந்தார். 1926-ல் மகள்களைக் கூட்டிக்கொண்டு கணவர் வீட்டிலிருந்து வெளியேறினார்.

ஃப்ராய்ட் முன்னாலேயே

1922-ல் பெர்லினில் சர்வதேச உளப்பகுப்பாய்வு மாநாடு. கேரன் கட்டுரை வாசித்த அமர்வுக்குத் தலைமை ஃப்ராய்ட். பெண்ணின் மனசைப் புரிந்துகொள்ள ஆணுறுப்பின் மேலான பொறாமைதான் சாவி என்பது அன்றைய பாடம். கேரன் அன்று அதை அடியோடு மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கம் ஏன் இவ்வளவு சுலபமாக எல்லாராலும் ஏற்கப்படுகிறது என்று கேட்டார். மனித இனத்தில் பாதிப் பேர் தங்கள் பிறப்பிலேயே அதிருப்தியோடு இருக்கிறார்கள் என்பது ஆண்களின் சுயபெருமைக்கு வசதியாக இருப்பதாலா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

அடுத்தடுத்த கட்டுரைகளில் தைரியம் கூடியது. பெண்கள் பொறாமைப்படுவது உடம்பைப் பார்த்து அல்ல, ஆண்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பையும் அதிகாரத்தையும் பார்த்து என்றார். பிள்ளை பெறும் கருப்பையைப் பார்த்து ஆண்களுக்குத்தான் பொறாமை என்று பிளேட்டையே திருப்பிப் போட்டார். ஃப்ராய்டுக்கு இது ரசிக்கவில்லை.

1932-ல் சிகாகோவிலிருந்து அழைப்பு. அங்கே ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் தொடங்கிய உளப்பகுப்பாய்வு நிறுவனத்தில் துணை இயக்குநர் பதவி. ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கச் சில மாதங்களே இருந்தன. கேரன் கப்பல் ஏறினார். மூத்த மகள் பிரிகிட்டே வரவில்லை. அவர் அதற்குள் ஜெர்மன் சினிமாவில் நட்சத்திரமாகிக்கொண்டிருந்தார்.

அமெரிக்கா அப்போது பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கியிருந்தது. சிகாகோவில் சிகிச்சைக்கு வந்தவர்கள் வேலை, போட்டி, தோல்வி பயம் என்று பேசினார்கள். பெர்லினில் கேட்ட கதைகளும் இவையும் ஒன்றாக இல்லை. மனித மனசின் நோய் எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் ஒரே அச்சு என்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? குழந்தைப் பருவத்துப் பாலுணர்வு மட்டுமல்ல, ஒருவர் வாழும் சமூகமும் சேர்ந்துதான் அவருடைய மனநோயை வடிவமைக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அலெக்சாண்டரோடு ஒத்துவரவில்லை. 1934-ல் நியூயார்க். 1937-ல் நம் காலத்தின் நியூரோசிஸ் ஆளுமை பற்றிய புத்தகம். மருத்துவச் சொற்கள் அதிகம் இல்லாமல், சாதாரண வாசகர் படிக்கிற நடை. செம ஹிட்.

அந்த 'ணும்' எப்படி உருவாகிறது?

அவர் சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஜென் விஷயம் இங்கேதான் வேர் பிடிக்கிறது.

வீட்டில் அன்பும் பாதுகாப்பும் நம்பும்படி கிடைக்காத குழந்தைக்கு ஓர் அடிப்படைப் பயம் வருகிறது: இவ்வளவு பெரிய உலகத்தில் நான் தனியாக இருக்கிறேன், எனக்கு யாரும் இல்லை. இந்தப் பயத்தோடு வாழக் குழந்தை ஒரு வழி கண்டுபிடிக்கும். ஒன்று, எல்லாரையும் அனுசரித்து, நல்ல பேர் வாங்கி ஒட்டிக்கொள்வது. அல்லது மோதி ஜெயிப்பது. அல்லது யாரும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வது. மூன்றும் எல்லாருக்கும் அவ்வப்போது தேவைப்படுபவைதான். ஒரே வழியில் மாட்டிக்கொண்டு, வேறு வழி தெரியாமல் போகும்போதுதான் சிக்கல்.

அடுத்த கட்டத்தில் அந்த வழியையே பெருமையாக்கிக்கொள்வோம். அனுசரிப்பவர் தன்னை மகாத்யாகியாக நினைப்பார். மோதுபவர் தன்னை யாராலும் அசைக்க முடியாதவராக நினைப்பார். ஒதுங்குபவர் பற்றே இல்லாத ஞானியாக. இதைத்தான் அவர் இலட்சியப் பிம்பம் என்றார். பிம்பம் வந்ததும் நிஜமான ஆள், அதாவது களைப்பும் பொறாமையும் தூக்கமும் உள்ள அந்தச் சாதாரண ஆள், பிடிக்காமல் போகிறார். பிம்பத்தின் அளவுக்கு அவரை இழுத்து நீட்ட உள்ளே சாட்டை சுழல ஆரம்பிக்கிறது. அந்தச் சாட்டைதான் 'ணும்'.

1950-ல் வெளிவந்த 'நியூரோசிஸும் மனித வளர்ச்சியும்' என்ற அவருடைய கடைசிப் பெரிய புத்தகத்தில் இது முழுசாக வருகிறது. எல்லா வேலையும் முடித்தாலும் நிம்மதி வராத ஒருவர் அதைப் படித்தால் யாரோ தன் டைரியைத் திருடிப் படித்துவிட்டதாகத் தோன்றும். அவ்வளவு கிட்டத்தில் வந்து எழுதியிருக்கிறார். அது தற்செயல் இல்லை. 1942-ல் சுயபகுப்பாய்வு பற்றி எழுதிய புத்தகத்தில் கிளேர் என்ற பெண்ணின் கதையை விரிவாகச் சொல்கிறார். கிளேர் வேறு யாருமில்லை, பெயர் மாற்றிய கேரனேதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வெளியே அனுப்பியவர்களும், அவர் அனுப்பியவரும்

1939-ல் ஃப்ராய்டின் அடிப்படைக் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து விமர்சித்து ஒரு புத்தகம் போட்டார். நியூயார்க் உளப்பகுப்பாய்வுச் சங்கம் கொதித்தது. மாணவர்களை இவர் குழப்புகிறார் என்று குற்றச்சாட்டு. 1941 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தி, பயிற்சியாளர் தகுதியைப் பறித்தார்கள். கேரன் எழுந்து வெளியே நடந்தார். கூடவே சில சகாக்களும். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பற்றிய கறுப்பின மக்களின் பக்திப் பாடல் ஒன்றைத் தெருவில் பாடிக்கொண்டே போனார்கள் என்பது உளவியல் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. சில வாரங்களிலேயே சொந்தமாக ஒரு சங்கம், பயிற்சி நிறுவனம், ஆய்விதழ் என்று தொடங்கிவிட்டார்கள்.

இதுவரை படித்தால் ஹீரோயின் கதை. ஆனால் 1943-ல் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். எரிக் ஃப்ராம், புகழ்பெற்ற சமூக உளவியலாளர், கேரனின் நெருங்கிய நண்பர், ஒரு காலத்தில் காதலரும்கூட. இருவருக்கும் இடையில் உறவு கசந்திருந்தது. கேரனின் சங்கத்தில் ஃப்ராம் சிகிச்சைப் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை என்ற காரணம் சொல்லி மறுத்தார்கள். கேரனும் மறுத்தவர்கள் பக்கம்தான். ஃப்ராம் வெளியேறினார். அவரோடு கிளாரா தாம்ப்சனும் ஹாரி ஸ்டாக் சல்லிவனும் போனார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் தனக்கு நடந்ததையே இன்னொருவருக்குச் செய்தார். அதிகார ஆசையைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதிய கைதான் அது. தன் சிக்கல்களை எழுத்தில் கண்டுபிடித்தது அவரை அவற்றிலிருந்து விடுவிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. புரிந்துகொள்வதற்கும் மாறுவதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை எதை வைத்துத் தாண்டுவது? ஆப்ரகாமின் அறையில் ஆரம்பித்த அதே கேள்வி, 30 வருஷம் கழித்தும் அப்படியே.

சரி, இதில் ஜென் எங்கே வந்தது?

புத்தகம் வழியாக. டி.டி. சுசுகி என்ற ஜப்பானிய அறிஞர் ஜென் பௌத்தத்தை ஆங்கிலத்தில் எழுதி மேற்கு நாடுகளுக்கு அறிமுகப்படுத்தியவர். 1945-ல் வெளிவந்த, மனசின் உள்மோதல்கள் பற்றிய தன் புத்தகத்திலேயே கேரன் சுசுகியை மேற்கோள் காட்டுகிறார். ஒரு செயலில் ஒருவர் தன்னை முழுசாக, மிச்சம் வைக்காமல் கொடுப்பது பற்றிய இடம் அது. தன் நோயாளிகளிடம் எது காணாமல் போயிருந்ததோ, அதற்கு இங்கே ஒரு சொல் கிடைத்தது. இலட்சியப் பிம்பத்துக்காக ஓடுபவரால் எதிலும் முழுசாக இருக்க முடியாது. சாப்பிடும்போது பாதி மனசு தட்டில், மீதி மனசு தான் எப்படித் தெரிகிறோம் என்ற கணக்கில்.

தியானம் என்ற சமஸ்கிருதச் சொல் சீனாவுக்குப் போய் சான் ஆகி, ஜப்பானுக்குப் போய் ஜென் ஆனது. சீனாவுக்குக் கொண்டுபோனவர் போதிதர்மர் என்பது மரபு. அவர் தென்னிந்திய அரச குடும்பத்தவர் என்றும் அதே மரபு சொல்வதால் நம் ஊரில் '7ஆம் அறிவு' படம் வரைக்கும் அவருக்கு ரசிகர்கள் உண்டு. ஜென்னில் புத்தக அறிவுக்கு இரண்டாம் இடம்தான். உட்கார்ந்து கவனிப்பது, செய்கிற வேலையில் முழுசாக இருப்பது, அவ்வளவுதான் பாடம். அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம்.

1950-களின் தொடக்கத்தில் சுசுகி நியூயார்க் வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய வகுப்புகளுக்கு இசையமைப்பாளர் ஜான் கேஜ் உட்படப் பலர் வந்தார்கள். கேரனுக்கும் சுசுகிக்கும் நேரில் பழக்கமானது. கேரனின் நிறுவனத்தோடு தொடர்பில் இருந்த அகிஹிசா கோண்டோ என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் இன்னொரு பாலம். 1952 கோடையில் பயணம் முடிவானது. சுசுகி, கோண்டோ, சுசுகியின் மாணவர் ரிச்சர்ட் டி மார்ட்டினோ, கூடவே மகள் பிரிகிட்டே.

ஜென் மடங்களுக்குப் போனார், துறவிகளோடு உட்கார்ந்து பேசினார். கேரன் பக்தையாக மாறப் போனவர் இல்லை. கேள்விகளோடு போன மருத்துவர். மனம் மாறுவது பற்றி எங்களுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவர் தேடல்.

நான்கு கட்டமும் ஒரு டைரியும்

மடங்களைத் தவிர அவர் பார்க்க விரும்பிய இன்னொன்று மொரிதா சிகிச்சை. இதைப் பற்றிச் சொல்லாமல் கேரனின் பயணம் புரியாது.

ஷோமா மொரிதா 1874-ல் ஜப்பானின் கோச்சி பகுதியில் பிறந்தவர். சின்ன வயசில் கோவிலில் நரக ஓவியங்களைப் பார்த்து நடுங்கிப்போனவர். மருத்துவ மாணவராக இருந்தபோது படபடப்பும் பயமும் அவரை விடாமல் துரத்தின. வீட்டிலிருந்து பணம் வராத கோபத்தில், உடம்பு எக்கேடோ கெடட்டும் என்று மருந்தை நிறுத்திவிட்டுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தார். அறிகுறிகளோடு போராடுவதை விட்டதும் அவை தானாகவே தளர்ந்தன. பின்னாளில் டோக்கியோவின் ஜிகேய் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரான அவர், 1919 வாக்கில் தன் சிகிச்சை முறையை உருவாக்கினார்.

முதல் கட்டம் முழு ஓய்வு. சுமார் ஒரு வாரம் படுக்கையிலேயே. பேச்சு இல்லை, படிப்பு இல்லை, பொழுதுபோக்கு இல்லை. பயம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். சில நாளில் மனசு தானாகவே எதையாவது செய்யத் துடிக்கும். அப்போது சின்னச் சின்ன வேலை: தோட்டத்தைப் பார்ப்பது, கூட்டுவது. மூன்றாவது கட்டத்தில் உடம்பு வணங்கிச் செய்யும் வேலை. நாலாவது, பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது. நடுவில் நோயாளி தினமும் டைரி எழுத, மருத்துவர் அதில் குறிப்பு எழுதித் தருவார். பயத்தை ஒழிப்பது நோக்கமே இல்லை. உள்ளது உள்ளபடி இருக்க விட்டுவிட்டு, செய்ய வேண்டிய வேலையைச் செய்வதுதான் நோக்கம். இது ஜென்தான் என்று பலர் சொல்வார்கள். மொரிதா தன்னை மருத்துவராகவே முன்வைத்தார்.

மொரிதா 1938-லேயே இறந்துவிட்டார். அவர் வழியில் சிகிச்சை செய்துகொண்டிருந்த மருத்துவர்களை கேரன் சந்தித்தார். இருவர் பாதையும் எதிரெதிர்த் திசை. கேரனின் முறையில் நோயாளி வருஷக்கணக்கில் பேசுவார். இங்கே முதல் வாரம் பேச்சே கிடையாது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று. பயமே இருக்கக் கூடாது என்று நினைப்பதுதான் பயத்தை நோயாக்குகிறது என்றார் மொரிதா. நான் இப்படி இருக்கவே கூடாது என்ற கட்டாயம்தான் ஆளை நோகடிக்கிறது என்றார் கேரன்.

இன்று மொபைலில் தியான ஆப் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் இங்கே நிற்கலாம். தினமும் 20 நிமிஷம் உட்காரணும், ஒருநாள்கூட விட்டுப்போகக் கூடாது, மனசு அமைதியாகியே தீரணும். தியானத்தையே இன்னொரு 'ணும்' ஆக்கிவிட்டால், கேரனும் மொரிதாவும் சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கடைசி வகுப்புகள்

ஜப்பானிலிருந்து திரும்பியதும் பயிற்சி மருத்துவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். உடம்பு சரியில்லை. அப்படியும் ஐந்து உரைகள் நிகழ்த்தினார். அவை ஒலிப்பதிவு செய்யப்பட்டன.

முதல் உரையின் தலைப்பே மருத்துவரின் கவனம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான். நோயாளி எப்படித் தியானம் செய்யலாம் என்று அவர் பாடம் நடத்தவில்லை. ஜப்பானில் பார்த்ததை மருத்துவரின் நாற்காலிப் பக்கம் திருப்பினார். ஒருவர் தன் வலியைச் சொல்லும்போது, எதிரில் இருக்கும் மருத்துவர் முழுசாக அங்கே இருக்கிறாரா? அல்லது அடுத்து என்ன விளக்கம் சொல்லி அசத்தலாம் என்று யோசிக்கிறாரா? தன் கோட்பாட்டுக்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கிக் கேட்கிறாரா? தன் கவலை, தன் பெருமை, தன் அவசரம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மறந்து, எல்லாப் புலன்களையும் திறந்து கேட்பது பற்றிப் பேசுகிறார். ஜென் பற்றியும் அங்கே குறிப்பிடுகிறார்.

மருத்துவர் எதையும் முன்கூட்டியே பொறுக்காமல், சமமாகப் பரவிய கவனத்தோடு கேட்க வேண்டும் என்று ஃப்ராயடும் 1912-லேயே சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய மருத்துவர் ஓர் அறுவை நிபுணரைப் போல உணர்ச்சியைத் தள்ளி வைத்தவர். கேரன் சொன்ன கவனத்தில் மனசும் சேர்ந்து வர வேண்டும். ஈரமில்லாத கவனம் அரைக் கவனம்தான்.

தான் வாழ்நாள் முழுக்கத் தேடிய பள்ளத்துக்கு இது பாலமா? முழு விடை என்று சொல்ல முடியாது. ஆனால் விளக்கத்தால் மட்டும் ஒருவர் குணமாவதில்லை, தீர்ப்பு சொல்லாத ஒரு முழுக் கவனத்தின் முன்னால் இருக்கும்போதுதான் அந்த 'ணும்' பிடி கொஞ்சம் தளர்கிறது என்ற இடம் வரைக்கும் அவர் வந்துவிட்டார். 1910-ல் ஆப்ரகாமின் அறையில் தனக்குக் கிடைக்காத ஒன்றை இளம் மருத்துவர்களிடம் கேட்டு வாங்கப் பார்த்த மாதிரியும் இதைப் படிக்கலாம்.

வகுப்புகள் முடிந்த கையோடு ஆஸ்பத்திரி. பித்தநாளப் புற்றுநோய் முற்றியிருந்தது. 1952 டிசம்பர் 4 அன்று, 67 வயதில் இறந்தார்.

அதற்குப் பிறகு

ஐந்து வருஷம் கழித்து, 1957-ல், மெக்சிகோவின் குவர்னவாக்காவில் ஜென் பௌத்தமும் உளப்பகுப்பாய்வும் பற்றிப் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. உளப்பகுப்பாய்வாளர்களும் சுசுகியும் ஒரே மேசையில். கூட்டியவர் யார் தெரியுமா? எரிக் ஃப்ராம். கேரனின் சங்கம் வாசலைக் காட்டிய அதே ஃப்ராம். அந்தக் கூட்டத்திலிருந்து சுசுகி, ஃப்ராம், டி மார்ட்டினோ மூவர் பேரில் 1960-ல் வந்த புத்தகம் இந்தத் துறையின் ஆரம்ப நூல்களில் ஒன்று. மேற்கில் இந்த உரையாடலுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. கோண்டோ டோக்கியோவில் இருந்துகொண்டு ஜென், மொரிதா, ஹார்னை மூன்றையும் இணைத்துத் தொடர்ந்து எழுதினார்.

இன்று சிகிச்சை அறைகளில் புழங்கும் மைண்ட்ஃபுல்னெஸ் முறைகள் கேரனிடமிருந்து நேராக வந்தவை என்று சொன்னால் அது தவறு. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சியைத் தொடங்கியது அவருடைய சொந்த ஜென், விபாசனா அனுபவத்தை வைத்து. மார்ஷா லினஹன் தன் சிகிச்சை முறையில் ஜென்னைச் சேர்த்ததும் தனிப் பாதை. ஆனால் கேரனின் 'ணும்' ஆய்வு இன்னொரு வழியாக ஓடியது. ஆல்பர்ட் எல்லிஸ் அதை எடுத்துக்கொண்டு தன் பகுத்தறிவுச் சிகிச்சைக்கு அஸ்திவாரமாக்கினார். அங்கிருந்து அது சிபிடி என்று இன்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைகளின் உலகத்துக்குள் போனது. 2002-ல் ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக சிபிடியையும் மைண்ட்ஃபுல்னெஸ்ஸையும் இணைத்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். கேரன் கையில் வைத்திருந்த இரண்டு நூல்கள், வேறு வேறு ஆட்கள் வழியாக, அங்கே மறுபடியும் முடிச்சாயின.

அவர் பெயரில் நியூயார்க்கில் 1955-ல் மனநலச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நடு மகள் மரியானே அம்மாவின் துறையிலேயே மருத்துவரானார். 100 வயதைத் தாண்டி, 2018 வரை வாழ்ந்தார். அந்தக் கடைசி வகுப்புகளின் ஒலிப்பதிவு 1987-ல்தான் புத்தகமானது. ஒரே உட்காரலில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். பாதி வாக்கியத்தில் நிற்கும் இடங்கள், மாணவர்களின் கேள்விகள், யோசித்து யோசித்துச் சொல்லும் பதில்கள் என்று வகுப்பறைப் பேச்சு அப்படியே இருக்கிறது. அவர் உயிரோடு இருந்திருந்தால் திருத்தி எழுதியிருப்பார்.